அத்தை கொடுத்த அரை மாத்திரை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் வாத்து. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுவது வேலை. இடுப்பை ஆட்டி ஆட்டி வேகநடைப் போட்டியில் நடப்பது பைத்தியம். முப்பத்தொரு வயதில், இருபது கிலோமீட்டர் பிரிவில், முதல்முறையாகத் தேசிய அணியின் வாசல்வரை வந்திருந்தாள்.

வாயில் போகிற எதையும் சந்தேகப்படுகிறவள் அவள். இருமல் மருந்து என்றால் பொடி எழுத்துவரை படிப்பாள். சத்துமாவு டப்பாவைத் திறக்கும் முன் லேபிளைப் படம் எடுத்து வைப்பாள். பிறந்தநாள் சாக்லேட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் மேலாளர் ஒருமுறை கடுப்பாகி, "விஷந்தான் வச்சிருக்கேன், சாப்பிடும்மா" என்றார்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் கடிதம் வந்தது. தகுதிப் போட்டியன்று கொடுத்த சிறுநீரில் தடை செய்யப்பட்ட மருந்து ஒன்று இருக்கிறதாம். விசாரணை முடியும்வரை எந்தப் போட்டியிலும் நடக்கக் கூடாதாம். மருந்தின் பெயரை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கேள்விப்பட்டதே இல்லை.

"பாட்டில் மாறியிருக்கும் சார்" என்றாள் கோச்சிடம்.

"எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்வாங்க."

"எல்லாரும்னா? அந்த எல்லாரும் வேற, நான் வேற!"

"நான் உன்னை நம்புறேன்மா. ஆனா..."

அந்த 'ஆனா'வில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று எடுத்த அதே சிறுநீரில் தனியாக மூடி வைத்திருந்த இரண்டாவது பாட்டிலைச் சோதித்தார்கள். அதே முடிவு. சத்துமாவைத் தானே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். ஒரு குற்றமும் இல்லை என்று பதில் வந்தது. அதில் விஷமே இருந்திருக்கக் கூடாதா என்று எரிச்சல்பட்டாள். கடைசியில், பயிற்சி முகாமில் ஒரே அறையில் தங்கியிருந்த தோழியைக் கூப்பிட்டு, "என் தண்ணி பாட்டில்ல ஏதாவது கலந்தியா?" என்று நேராகவே கேட்டுவிட்டாள். அவள் போனை வைத்தவள் வைத்தவள்தான்.

அதற்குப் பிறகு சந்தேகம் தன் மேலேயே திரும்பியது. தெரிந்தே எதையாவது தின்றுவிட்டு மறந்து தொலைத்தேனோ? மீட்டரில் ஏழு என்று எழுதிவிட்டு, ஏழுதானா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பார்த்தாள்.

ஆறாவது வாரம், மாமியாரின் பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக் கடையில் நின்றாள். பழக்கதோஷத்தில் அட்டையைத் திருப்பினாள். அந்தப் பெயர்.

"இது என்னண்ணா மாத்திரை?"

"நீர் மாத்திரைம்மா. உடம்புல தேங்குற தண்ணியை வெளிய தள்ளும்" என்றார் கடைக்காரர்.

ஊக்கமருந்தின் தடயத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும் என்றுதான் இதற்குத் தடை போலிருக்கிறது. அங்கேயே ஞாபகம் வந்துவிட்டது. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் கால் வீங்கி, ஷூவைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அத்தை தன் பிரஷர் மாத்திரை ஒன்றைப் பாதியாக உடைத்து, வெந்நீரோடு கையில் வைத்தாள். அப்போது இவளுடைய இன்னொரு கையில் புது உப்புநீர்ப் பொடிப் பொட்டலம் இருந்தது. அதன் பின்பக்கத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டே மாத்திரையை முழுங்கியிருந்தாள்! டாக்டர் கொடுத்திருந்தால் முப்பது கேள்வி கேட்டிருப்பாள். அத்தை கொடுத்தது மருந்து என்றே மனசில் பதியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அன்னிக்கு எனக்கு ஒரு மாத்திரை கொடுத்தீங்களே அத்தை?"

"கால் வீக்கத்துக்கா? கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ரொம்ப நல்லாக் கேட்டுச்சு."

விஷயத்தைச் சொன்னதும் அத்தை மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "அது முழு மாத்திரைகூட இல்லியேம்மா, பாதிதானே!"

யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு ஓர் எதிரிகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

கணவனுக்குத் தெரிந்த வக்கீல் ஒரு வழி சொன்னார். "உங்களுக்குத் தெரியாம பால்ல கலந்து கொடுத்தேன்னு உங்க மாமியாரைச் சொல்லச் சொல்லுங்க. தண்டனையே இல்லாமப் போனாலும் போகும்."

"சொல்றேன்" என்றாள் அத்தை உடனே. "என்னை என்ன, நடக்கக் கூடாதுன்னா சொல்லப் போறாங்க?"

"யாரும் ஒண்ணும் புளுக வேண்டாம்" என்று இவள் அதட்டினாள்.

விசாரணை அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். சாட்சி சொல்ல வந்த அத்தை, சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு நிதானமாக ஆரம்பித்தாள்: "பால்லதாங்க கலந்து கொடுத்தேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"அத்தை!" இவள் எழுந்துவிட்டாள். "பொய் மேடம். கையில கொடுத்தாங்க, நான்தான் முழுங்கினேன். மாத்திரைன்னு தெரியும். என்ன மாத்திரைன்னு தெரியாது."

தலைமை வகித்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "ஏன் கேட்கலை?"

வக்கீல் எழுதிக் கொடுத்த பதிலெல்லாம் எங்கே போனதோ! "வீட்ல அன்பாக் கொடுக்கிறதுக்கு யாராவது லேபிள் கேட்பாங்களா மேடம்?"

"நீங்க கேட்கணும்மா."

கடுமையாகச் சொல்லியிருந்தாலாவது கோபப்பட்டிருக்கலாம். அந்த அம்மாள் தணிவாகச் சொன்னாள்.

பத்து மாதத் தடை. தகுதிப் போட்டியின் முடிவும் செல்லாது. அணி அவள் இல்லாமலே புறப்பட்டுப் போனது.

வராந்தாவில் கணவன் முணுமுணுத்தான். "வாயை மூடிட்டு இருந்திருந்தா..."

"உங்கம்மாவைப் பொய்க்காரியாக்கித்தான் நான் நடக்கணுமா? போங்க, ஆட்டோ பிடிங்க."

அந்தப் பத்து மாதமும் மீட்டர் பார்க்கப் போன இடத்தில், "ஊசி போட்டுக்கிட்டீங்களாமே?" என்று கேட்காத வாசல் குறைவு. முதலில் விளக்கம் சொன்னாள். பிறகு, "மீட்டர் எங்கே?" என்று மட்டும் கேட்டாள். முகாம் தோழிக்கு மன்னிப்புக் கேட்டு நாலு வரி அனுப்பினாள். படித்துவிட்டாள் என்று தெரிந்தது, பதில் இல்லை. வீட்டிலோ அத்தை சாப்பாடு போடும்போது, "இதுல உப்பு இருக்கு, போடவா?" என்று கேட்கத் தொடங்கினாள்.

"ஐயோ அத்தை, உப்புக்கெல்லாம் தடை கிடையாது!"

தடை முடிந்து நடந்த முதல் போட்டியில் ஆறாவதாக வந்தாள். உடனே சோதனைக்கு அழைத்தார்கள். கடந்த ஒரு வாரத்தில் உட்கொண்ட மருந்துகளை எழுதச் சொன்னார் அதிகாரி. அவள் பற்பசையில் ஆரம்பித்தாள். கொசுக்கடிக் களிம்பு, கண்ணில் விட்ட சொட்டு, பக்கத்து வீட்டில் கொடுத்த தொண்டை மிட்டாய் என்று தாள் நிறைந்து பின்பக்கமும் போனது.

"இதெல்லாம் வேண்டாம்மா" என்றார் அதிகாரி, கடிகாரத்தைப் பார்த்தபடி.

"இன்னொரு தாள் கொடுங்க சார்" என்றாள்.