கடுக்காய்க்கு வந்து சேர்ந்த கிரேக்கப் பேர்

ஊறிய கடுக்காயின் புளித்த, துவர்ப்பான வாடை, சாயங்காலங்களில் அப்பாவுக்கு முன்பே எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிடும். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், தோல் பதனிடக் கடுக்காயை இடித்துத் தொட்டியில் ஊறவைப்பது அவர் வேலை. அந்த வாடை அவர் சட்டையிலிருந்து என் பாவாடைக்கு ஏறி, என்னோடு பள்ளிக்கூடத்துக்கும் வந்தது.

ஐந்தாம் வகுப்பில், ஆற்காட்டிலிருந்து மாற்றலாகி வந்த போஸ்ட்மாஸ்டரின் மகள் கமலத்தை என் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். "இன்னாடி இது, இப்டி நாறுது!" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓரத்துக்கு நகர்ந்தவள், இரண்டு மாதமாகியும் அந்த ஓரத்தை விடவில்லை. எனக்கோ அவளோடு சிநேகம் பிடிக்க வேண்டுமென்று ஒரே தவிப்பு. வெட்கங்கெட்ட மனசு!

வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் கண்ட ஓர் இங்கிலீஷ் சொல்லைக் கொண்டுபோய், பள்ளிக்கூடத்தின் ஒரே பெரிய அகராதியில் தேடி, எல்லார் முன்னாலும் அர்த்தம் சொல்ல வேண்டும். கமலம் 'டெலிகிராம்' கொண்டுவந்தாள். கிரேக்கத்திலிருந்து வந்ததாம், 'தூரம்', 'எழுத்து' என்று பொருளாம். கைதட்டல்! எங்கள் வீட்டில் இங்கிலீஷ் ஏது? அப்பா கொண்டுவந்த காலிச் சாக்கில் அச்சடித்திருந்ததை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தேன்: 'மைரோபலான்'. கடுக்காய்க்கு வெள்ளைக்காரன் சொல்லும் பேர். நாற்றத்தை நானே தம்பட்டம் அடித்த மாதிரி ஆகுமே என்று, எல்லாருக்கும் கடைசியாகத்தான் சீட்டை டீச்சரம்மாவிடம் நீட்டினேன்.

அகராதியைப் பார்த்த டீச்சரம்மாவின் புருவம் ஏறியது. "அட, இதுவும் கிரேக்குதான்! 'மைரோன்'னா வாசனைத் தைலம், 'பலானோஸ்'னா கொட்டை. வாசனைத் தைலக் கொட்டை!" பழைய கிரேக்கர் தைலம் எடுத்த வேறேதோ கொட்டையின் பேராம், பிற்பாடு அது நம் கடுக்காய்க்கும் வந்து ஒட்டிக்கொண்டதாம். அதையெல்லாம் யார் காதில் வாங்கினோம்? முதலில் சிரித்தவள் நான்தான்; அப்புறம் வகுப்பே கொல்லென்று சிரித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்த கமலம், பெஞ்சில் சறுக்கிக்கொண்டே வந்து, என் தோளை மோந்து பார்த்து, "ஆமாண்டி, தைலமேதான்!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் சொன்னதும் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தக் கிரேக்கன இட்டாந்து நம்ம தொட்டியாண்ட ஒரு நாள் நிக்க வெச்சாத் தெரியும்!" ஆனாலும் மறுநாள் காலையில், "தைலம் காய்ச்சப் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினார்.

இப்போது தோலுக்குக் குரோம் உப்புப் போடுகிறார்கள். அப்பா நின்ற தொட்டிகளை மூடிக் கட்டடம் எழுப்பியாயிற்று. கடுக்காயை நாட்டு மருந்துக் கடையில்தான் பார்க்கிறேன். கமலம் இரண்டு வருஷம் என்னை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் அப்பாவுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றலாயிற்று. அங்கிருந்து அவள் போட்ட முதல் கார்டில் இப்படி எழுதியிருந்தாள்: "இங்க என் பக்கத்துல ஒருத்தி உக்கார்றா. அவ மேல ஒரு வாசனையும் இல்லடி. பேஜாரா இருக்குது."