கண்டென்சர் அறை

ரிப்பேர் கடையில் பழைய ரேடியோவைப் பிரித்ததும் வந்த கருகிய மெழுகு வாசம், பீளமேட்டில் மாமா ரேடியோ கட்டிய அறைக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. கரண்ட் சீராக வராமல் ரேடியோ உறுமும். அதை அடக்க மெழுகு பூசிய கண்டென்சர்கள் வைத்திருந்தார். சுவிட்சை அணைத்த பிறகும் அவற்றில் கரண்ட் தங்கியிருக்கும் என்பது பாட்டுக் கேட்க வருகிறவர்களுக்குத் தெரியாது. “சித்த இதைப் புடிங்க” என்று நீட்டுவார். வாங்கியவர் துள்ளி விழ, அறையே சிரிக்கும், பிறகு அவரும் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அடுத்தவருக்காகக் காத்திருப்பார்.

என்னை அங்கே கூட்டிப்போனது அம்மா. முந்தின வாரம் அங்கிருந்து வந்து விரல்களை நீவிக்கொண்டே இருந்தவள், கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றவள்.

“அம்மணி, சித்த இதைப் புடி” என்றார் மாமா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சிரிக்கத் தயாராக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.