கடலில் கொட்டிய மக்காச்சோளம்

திருவொற்றியூரில் இருக்கும் என் கடைப் பலகையில் ‘மெக்சிகன் டாக்கோ’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சுத்தப் பொய். பெட்டியில் வரும் மொறுமொறு சோள ஓட்டுக்குள் சிக்கனைத் திணித்து, மஞ்சள் சீஸை ஊற்றி, மயோனைஸ் பிதுக்கித் தருகிறேன். அமெரிக்காக்காரன் கைபட்டு மாறிப்போன பண்டம் அது. மாத்தூர், மீஞ்சூரிலிருந்தெல்லாம் பைக்கில் வந்து, “மாமு, இன்னும் கொஞ்சம் சீஸ் ஊத்து” என்கிறார்கள். ஊற்றுகிறேன். ஊற்றும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நின்று பார்க்கிறான்.

அவன் செத்துப் பல வருஷம் ஆகிறது.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் மீன்பிடிக்கப் போனவர்கள். எனக்கு அது கைவரவில்லை. சரக்குக் கப்பலில் உதவிச் சமையற்காரனாக ஏறினேன். தலைமைச் சமையற்காரன் மெக்சிகோக்காரன், என் வயசுதான். இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ், முழுசாகக் கோபம். நன்றாக ஒத்துப்போனது.

அவன் வெள்ளை மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, விடிய விடிய ஊறவைத்து, தோலைத் தேய்த்துக் கழுவி அரைப்பான். மாவை உருட்டி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தட்டுவான். பட் பட்டென்று அந்தச் சத்தம் மேல்தளம் வரை கேட்கும். எண்ணெய் இல்லாத கல்லில் போட்டால் ரொட்டி உப்பி வரும். உள்ளே கொஞ்சம் கறி, வெங்காயம், கொத்துமல்லி, எலுமிச்சை, சுட்டு அரைத்த மிளகாய்ச் சட்னி. மடித்துக் கடித்தால் டாக்கோ, அவ்வளவுதான். ஒரு தடவை அவனிடம் சுண்ணாம்பு தீர்ந்துபோனது. புகையிலைக்கு நான் வைத்திருந்த சுண்ணாம்பு டப்பாவை நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு என் நெற்றியில் முத்தம் கொடுத்தான், பைத்தியக்காரன்.

அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறிய சாமான்களோடு ஒரு பெட்டி வந்தது. மொறுமொறு ஓடுகள், டின்னில் மஞ்சள் சீஸ், பாக்கெட் மசாலா. அவன் அதைத் தொடவே இல்லை. “மடிக்க முடியாததற்கு டாக்கோ என்று பெயரா? அந்த மஞ்சளை எந்த மாடு கறந்தது?” என்று கத்தினான்.

ஒரு நாள் அவனுக்குக் காய்ச்சல். நான் பெட்டியைப் பிரித்தேன். அன்றைக்குக் கப்பலே கைதட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றவனிடம் சொன்னேன்: “பார்த்தாயா? உன் சாப்பாட்டுக்கு எவனாவது கைதட்டியிருக்கிறானா?”

அவன் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டான். மூன்று நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அடுப்படிக்கு வந்து ஒரு பானை சோளத்தை வேகவைத்து மூடிவிட்டுப் போனான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் கேப்டன்.

எனக்கு அந்தப் பானையைப் பார்க்கவே பயமாக இருந்தது. தூக்கிக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிட்டேன்.

காய்கறி வைக்கும் குளிர் அறையைக் காலிசெய்து அவனைக் கிடத்தினார்கள். பக்கத்து அறையில்தான் இறைச்சி. தினமும் நான்தான் போய் எடுக்க வேண்டும். போகும்போதெல்லாம் சுவருக்கு அந்தப்பக்கம் பட் பட்டென்று கேட்டது. மோட்டார் சத்தம் என்றார்கள். இருக்கலாம்.

துறைமுகத்தில் அவனை இறக்கிய பிறகு, அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் சொன்னான்: “அன்றைக்கு உனக்காகத்தான் ஊறவைத்தான். காலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சண்டை போதும் என்றான்.”

ஐயோ! நான் கொட்டியது அதைத்தான்.

அந்தப் பயணத்தோடு கப்பலை விட்டேன். கடை போட்டபிறகு மாசம் ஒரு தடவை சோளம் வேகவைத்து ஊறவைப்பேன். ஈரச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வாசனை வரும். காலையில் மூடியைத் திறக்கத் தைரியம் வராமல் அப்படியே சாக்கடையில் ஊற்றிவிடுவேன். போன மாசம் என் பெண்டாட்டி பொறுமை இழந்துவிட்டாள்.

“இன்னாய்யா இது? மாசாமாசம் வேவவெச்சு ஊத்திகினே கீற. யாருக்குய்யா?”

கல்யாணமான நாளாக அவளிடம் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். அவன் எப்படி அரைத்தான், எப்படித் தட்டினான் என்பதுவரை சொன்னேன். கேட்டுவிட்டு அவள் அன்றைக்கு ஊறவைத்திருந்த பானையைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் புளியந்தோப்பில் கறி வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலுக்கு வரும்போதே கேட்டது. பட், பட். எட்டிப் பார்த்தேன். சோளத்தைக் கிரைண்டரில் அரைத்து, இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். தரையில் இரண்டு தட்டு.

“ரெண்டு எதுக்கு?”

“ஒண்ணு உனுக்கு. ஒண்ணு அந்த மனுசனுக்கு. எத்தினி வருசமா காத்துகினு கீறாரு, உக்காருய்யா.”

உட்கார்ந்தேன். ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்ததும் அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய்த் தட்டுவதை நிறுத்தினாள்.

“நிறுத்தாத,” என்றேன். “இன்னும் கொஞ்சம் தட்டு. அவன் கேக்கட்டும்.”