பின்கண்ணாடியில் சிமெண்டு

தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தின நாள், எங்கள் அம்பாசடர் காரின் பின்கண்ணாடியில் வெயிலுக்காக வெளிப்பக்கம் ஒட்டி, கொப்புளம் கொப்புளமாகிக் கிடந்த கறுப்புத் தாளை உரித்தேன். புருஷன் வீட்டுக்குப் போகிறவளின் முகமாவது தெரியட்டுமே என்றுதான். தாள் வந்தது, பசை வரவில்லை. மண்ணெண்ணெய் வாங்க நான் கடைக்குப் போன நேரத்தில், டிரைவர் சிமெண்டு ஆலை இருக்கும் ரெட்டிபாளையம் போய்ச் சொந்தக்காரர்களை ஏற்றி வந்துவிட்டார். பசை முழுக்கச் சிமெண்டுத் தூசி. நான் திரும்பியபோது வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சிமெண்டுல போய்த் தண்ணி ஊத்துறீங்களேண்ணே!”

“அழுக்குன்னா கழுவத்தானே தம்பி வேணும்?”

காலையில் இறுகியிருந்தது. சுரண்டச் சுரண்டக் கண்ணாடிதான் கீறியது.

கல்யாணம் முடிந்து கார் புறப்பட்டது. சிமெண்டுப் படலத்துக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

“திரும்பிப் பாத்தாளாடா?” என்றாள் அம்மா.

எனக்கு எப்படித் தெரியும்?