டிவியில் வளைந்த கோடு

கடைசி வருடங்களில் அப்பா டிவியை நேராகப் பார்த்ததில்லை. முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கண்ணின் ஓரத்தால் பார்ப்பார். நேராகப் பார்த்தால் செய்தி வாசிக்கிறவருக்கு மூக்கும் வாயும் இல்லை என்பார். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது என்றார் மருத்துவர். ஆரம்பத்தில் ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிந்தனவாம். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று அப்பா இருந்துவிட்டார். குடும்பத்தில் தொடரக்கூடியது, பிள்ளைகள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது அண்ணனும் நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தோம்.

அந்த டிவி இப்போது காஞ்சன்பாக்கில், அண்ணனின் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருக்கிறது. இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும் பிக்சர் டியூப் டிவி. கடைசியாக வந்த ரகம், முன்கண்ணாடி தட்டையாக இருக்கும். அண்ணி அதைப் பழைய சாமான்காரரிடம் போடச் சொன்னாள். அண்ணன் விடவில்லை. சின்ன வயதில் நாங்கள் சண்டை போட்டு விளையாடிய கேம் பெட்டிக்கு அந்த டிவிதான் சரி என்றான். புது டிவியில் அதைச் செருகினால், அந்தப் பெட்டி அனுப்பும் குறைவான கோடுகளை இழுத்துப் பெரிதாக்கி, மழையில் நனைந்த போஸ்டர் போலக் காட்டும். பழைய டிவியில் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் நிற்கும்.

அதற்கும் மேல் போக முடியும் என்று அண்ணன் எங்கோ படித்திருக்கிறான். மஞ்சள் பின் கேபிளில் எல்லா நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும், அதனால் ஓரங்கள் கசியும். பெட்டியைத் திறந்து சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனிக் கம்பியில் வெளியே எடுத்தான். அதை டிவிக்குப் புரியும்படி மாற்ற ஒரு கன்வெர்ட்டர் வாங்கினான். பிறகு அதைவிட நல்ல கன்வெர்ட்டர். ஞாயிற்றுக்கிழமை நான் ஊரின் மறுகோடியான திருமுல்கேரியிலிருந்து போகும்போதெல்லாம் மேஜையில் ஒரு புதுக் கேபிள் கிடக்கும்.

“உங்க அண்ணனைப் பாரு. எனக்கு ஒரு மிக்ஸி வாங்கச் சொன்னா யோசிக்கிற மனுஷன், செத்துப்போன டப்பாவுக்கு ரத்தம் ஏத்திட்டிருக்கார்” என்றாள் அண்ணி.

“மிக்ஸில கேம் வருமா?” என்றான் அண்ணன்.

நிறம் சரியாகிவிட்டது. நான் பார்த்தவரை குறையே இல்லை. ஆனால் கறுப்புத் திரையில் வெள்ளைக் கட்டங்களை வரைந்து காட்டும் சோதனைப் படம் ஒன்றைப் போட்டு, அண்ணன் ஒவ்வொரு முறையும் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். தொழிற்சாலையில் உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் பிரிவில் அவனுக்கு வேலை. உருக்குப் பட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, அதன் நேரைப் பார்ப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். கதவு மாட்டினாலும், காலண்டர் தொங்கவிட்டாலும் அண்ணன் அப்படித்தான் பார்ப்பான்.

“நடுக் கோடு வளையுது. கன்வெர்ட்டர் சரியில்ல” என்றான் ஒரு ஞாயிறு.

நான் திரையைப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. அப்பாவின் ஜன்னல் கம்பிகள் நினைவுக்கு வந்தன. அண்ணி பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு நேராத்தான் தெரியுது.”

“நீ ரெண்டு கண்ணாலயும் பாக்குற. அப்படிப் பாத்தா எல்லாமே நேராத்தான் தெரியும்.”

அடுத்த ஞாயிறு போனபோது அவன் முகம் தெளிவாக இருந்தது. டிவியைப் பழுது பார்ப்பவர்கள் மட்டும் திறக்கிற மெனுவுக்குள் ரிமோட்டை வைத்தே நுழைந்து, கோடுகளின் வளைவைக் கூட்டிக் குறைத்திருக்கிறான். “வா, பாரு. இப்ப எப்படி இருக்கு?”

கட்டங்களின் நடுப்பகுதி ஒரு பக்கமாகப் பிதுங்கியிருந்தது.

பத்திரிகையில் பக்கம் பார்ப்பது என் வேலை. பத்திகளுக்கு இடையே ஓடும் கோடு ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கண்ணில் படும். பையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கும். அதை எடுத்துத் திரைக் கண்ணாடியின் மேல், நடுக் கோட்டோடு சேர்த்து நிறுத்தினேன். மேலும் கீழும் கோடு ஸ்கேலைத் தொட்டது. நடுவில் விலகியது.

அண்ணன் இடது கண்ணை மூடினான்.

“கோடு சரியா இருக்கு. உன் ஸ்கேல்தான் வளைஞ்சிருக்கு. இதை வச்சா பேப்பர் நடத்துறீங்க?” என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. ஸ்கேலை எடுக்காமல் அங்கேயே பிடித்திருந்தேன். அவன் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் இருந்தது. பிறகு அவனாகவே வலது கண்ணை மூடி, இடது கண்ணைத் திறந்தான். மறுபடி மாற்றினான். மறுபடியும்.

“டிவியை ஆஃப் பண்ணு” என்றான்.

அண்ணி ஈரக் கையோடு வந்து நின்றாள். “என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. நாளைக்குக் கண் டாக்டர்கிட்டப் போகணும்.”

“நாளைக்கு ட்யூட்டி இருக்கே?”

“லீவு போடுறேன்.”

லீவு போட யோசிக்கிறவன் அவன். அண்ணி என்னைப் பார்த்தாள். அப்பாவுக்குச் சோறு பிசைந்து, மீனில் முள் எடுத்து வைத்தது அவள்தான்.

மறுநாள் இருவரும் ஆட்டோவில் போகும்போது அண்ணன் வெளியே பார்த்தபடி சொன்னான்: “பாத்ரூம் டைல்ஸ்லயும் வளைவு தெரிஞ்சுது. கொஞ்ச நாளாவே. டிவியில கோளாறுன்னா கேபிளை மாத்திடலாம்ல?”

மருத்துவமனையில் அவன் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். வெள்ளையில் கறுப்புக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. “இது நம்ம டிவி படம்தான்” என்றான் என்னிடம், மெதுவாக. வலது கண்ணின் விழித்திரைக்கு அடியில் நீர் கசிந்திருந்தது. அப்பா காலத்தில் இல்லாத ஊசி இப்போது இருக்கிறது என்றார் மருத்துவர். கண்ணுக்குள் போட வேண்டும். மாதம் ஒன்று. எவ்வளவு மீளும் என்று அவர் சொல்லவில்லை. இடது கண்ணையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த ஒரு வரி எனக்கு இன்னும் கேட்கிறது.

அட்டையைத் தினமும் பார்க்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்கள். அது சின்னதாக இருக்கிறது என்றான் அண்ணன். மெனுவில் மாற்றியதையெல்லாம் என்னை வைத்து, என் ஸ்கேலை வைத்துத் திருப்பிச் சரிசெய்தான். நாற்காலியின் கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் குறித்தான். திரையின் நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருப்பான். நான் மேல்விளிம்பிலிருந்து நடுக் கோட்டின் மீது விரலை இறக்குவேன். வளைவு தொடங்கும் இடத்தில் “நில்” என்பான். அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டுவேன்.

முதல் ஊசிக்குப் பிறகு வந்த ஞாயிறு. அண்ணி சமையலறை வாசலிலேயே நின்றாள். அண்ணன் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். நான் விரலை இறக்கினேன். டேப்புக்கு மேலேயே நிறுத்தச் சொல்லிவிடுவானோ என்று பயந்து, என் விரல் தானாக மெதுவானது.

“ஏன் நின்னுட்ட?”

“நிக்கல.”

விரல் டேப்பைத் தொட்டது. டேப்பைத் தாண்டினேன்.

“இங்க. நில்.”

ஒரு விரல் அகலம் கீழே வந்திருந்தது. அண்ணி, “நல்லதா கெட்டதா?” என்றாள். நல்லது, வளைவு சின்னதாகியிருக்கிறது என்றேன். புது டேப்பை ஒட்டிவிட்டுப் பழையதைப் பிய்க்கப் போனேன்.

“நக்கோ, பிய்க்காத” என்றான் அண்ணன். “அது அங்கேயே இருக்கட்டும். திரும்ப மேல போனாத் தெரியணும்ல.”

பிறகு கையை வலது கண்ணுக்கு மாற்றிக்கொண்டு, “இப்ப இந்தக் கண்ணுக்கும் ஒரு தடவ பாத்துடு” என்றான். நான் விரலைத் திரும்பவும் மேல்விளிம்பில் வைத்தேன்.