பிளக் இல்லாத பெட்டி

எங்கள் மொட்டைமாடியில் ஒரு சோலார் பேனல் இருக்கிறது. அதிலிருந்து பேட்டரிக்கு ஒயர் போகிறது. பேட்டரியிலிருந்து, மீன் தொட்டிக்குக் காற்று ஊதுகிற ஒரு மோட்டாருக்குப் போகிறது. அவ்வளவுதான். ஃபேனுக்குப் போகாது, டிவிக்குப் போகாது, உங்கள் போனுக்கும் போகாது. பெருங்களத்தூரில் இதைவிடப் பெரிய சோலார் எத்தனையோ இருக்கும். இதைவிடக் கெட்டியாக வேலை செய்வது இருந்தால் காட்டுங்கள், வந்து பார்க்கிறேன்.

நான் மாடியில் தொட்டி வைத்து ஏஞ்சல் மீன் வளர்க்கிறேன். ஜோடி சேர்த்து, முட்டை பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து வண்ணமீன் கடைகளுக்குக் கொடுக்கிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியது போதும் என்று ஆரம்பித்த தொழில். எனக்கு அம்மா வீடு கோவளம். மீன் விற்ற குடும்பம். அதை வைத்து என் வீட்டுக்காரரின் அண்ணன் ஒரு ஜோக் வைத்திருக்கிறார்.

"அவங்க அம்மா செத்த மீனை வித்தாங்க. இவ உசுரோட விக்கிறா. டெவலப்மென்ட்டு!"

வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வார். அவர்கள் குடும்பம் கீழே, நாங்கள் மேலே. மொட்டைமாடி பொது. அந்த மாடியில் ஒரு ரூம் கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய ஆசை. நடுவில் என் தொட்டிகள் நிற்கின்றன. சண்டை அங்கேதான்.

போன மழைக்கு முந்தின மழையில் என் மீன்கள் செத்தன. புயல் வந்தது, தெருவில் தண்ணீர் ஏறியது, யாருக்கும் ஷாக் அடிக்கக்கூடாது என்று கரன்ட்டை நிறுத்தினார்கள். அது நியாயம்தான். வீட்டில் பெரிய இன்வெர்ட்டர் இருந்ததால் நான் பயப்படவில்லை. ஆனால் கீழே டிவியில் புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்தார்கள். புயல் எங்கள் தலைமேல் இருந்தது, ஜன்னலைத் திறந்தாலே தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து போனுக்குச் சார்ஜ் போட்டார்கள். மிக்ஸியில் சட்னி அரைத்தார்கள். மறுநாள் இன்வெர்ட்டர் படுத்துவிட்டது. தொட்டிக்குப் போகிற காற்று நின்றதும் மீன்கள் தண்ணீருக்கு மேல் வாயை வைத்துத் திணற ஆரம்பித்தன. நானும், அந்த அண்ணனின் மனைவியான என் ஓரகத்தியும் மழையில் நனைந்துகொண்டே மக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம். அப்படி ஊற்றினால் கொஞ்சம் காற்று கலக்கும். எத்தனை தொட்டிக்கு ஊற்றுவது? கை ஓய்ந்தது. எல்லாம் போய்விட்டது.

மாமா மேலே வந்தார். வீட்டுக்காரரின் அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பக்கெட்டில் கிடந்த மீன்களைப் பார்த்துவிட்டு, "போதும்மா. இது ஒத்து வராது. ரூமைக் கட்டிடலாம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில், "இன்னொரு மழை பாருங்க மாமா. அதுலயும் செத்தா நானே தொட்டியை உடைச்சுப் போடறேன். மாடியை எடுத்துக்குங்க" என்றேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தாம்பரத்தில் ஒரு சோலார் கடைக்குப் போனேன். கடைக்காரர் வீடு முழுக்கச் சோலார் போடச் சொன்னார். ஏசி கூட ஓடுமாம். "எனக்கு ஏசி வேணாம் சார், மீனுக்கு மூச்சு வேணும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்து யோசித்தேன்.

பேனல் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது முதல் கேள்வியே இல்லை. செலவை எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் முதல் கேள்வி. தொட்டிக்கு ஒரு குட்டி மோட்டார் வைத்திருந்தேன். அத்தனையையும் கழற்றினேன். ஒரே ஒரு மோட்டார், அதிலிருந்து பிவிசி பைப், ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு வால்வு. காற்று வரும் கல்லைத் தொட்டியின் அடியில் போட்டிருந்தேன். ஆழத்தில் இருந்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு காற்று வர மோட்டார் அதிகம் உழைக்க வேண்டும். கல்லைப் பாதி உயரத்துக்குத் தூக்கிக் கட்டினேன். மீன் ஒன்றும் குறை சொல்லவில்லை.

அடுத்தது இன்வெர்ட்டர். பேட்டரியில் இருப்பது ஒரு வகைக் கரன்ட், வீட்டு ஸ்விட்சில் வருவது வேறு வகை. ஒன்றை இன்னொன்றாக மாற்றுவதுதான் இன்வெர்ட்டரின் வேலை. அந்த மாற்றத்துக்கு அது கூலி எடுத்துக்கொள்கிறது. ஒன்றும் ஓடாமல் சும்மா இருந்தாலும் எடுத்துக்கொள்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன். என் மோட்டார் ஓடத் தின்பதும், இன்வெர்ட்டர் சும்மா இருக்கத் தின்பதும் கிட்டத்தட்ட ஒன்று! சும்மா உட்கார்ந்து தின்ன இந்த வீட்டில் ஏற்கனவே ஆள் இருக்கிறார்கள். பேட்டரியிலேயே நேராக ஓடுகிற மோட்டாராகப் பார்த்து வாங்கினேன். இன்வெர்ட்டரே வேண்டாம்.

கடைசியாக பேட்டரி. மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டாலும் மோட்டார் ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் கொஞ்சம் வைத்து வாங்கினேன். தண்ணீர் டேங்க்கின் நிழல் விழாத மூலையில், தெற்குப் பார்த்துச் சாய்த்து, இடுப்பு உயர ஸ்டாண்டில் பேனலை வைத்தேன். பேட்டரியை ஒரு இரும்புப் பெட்டியில் பூட்டினேன். கோடை முழுக்க ஒரு நிமிடம் நிற்காமல் ஓடியது. பேட்டரியின் அளவையும் பேனலிலிருந்து வரும் கரன்ட்டையும் காட்டும் டிஸ்ப்ளே தினமும் மத்தியானமே நிறைந்துவிட்டது என்று காட்டும்.

ஆயுத பூஜைக்குக் கோவளம் போயிருந்தேன். அங்கே படகு இன்ஜினுக்குப் பொட்டு வைத்துவிட்டுத் திரும்பினால், இங்கே என் ஓரகத்தி என் பேனலுக்கும் பூஜை போட்டிருந்தாள். கீழ்ப்பக்கம் முழுக்கக் கெட்டியாகத் திருநீற்றுப் பட்டை, நடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம், சாமந்தி மாலை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் என் பக்கம் நிற்கிற ஒரே ஆள் அவள்தான். மாலை வாடியதும் எடுத்துப் போட்டேன். பட்டையும் பொட்டும் இருந்தன. ஃபிரிட்ஜில், பைக்கில், பீரோவில் எல்லாம் இருக்கிற மாதிரி.

அதற்குப் பிறகு பேட்டரி நிறையவில்லை. வெயில் அடிக்கிறது, டிஸ்ப்ளே இறங்குகிறது. புயல் வருகிறது என்று செய்தி வேறு. பேனல் வாங்கின தாம்பரம் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"டூப்ளிகேட் பேனலைத் தலையில கட்டிட்டீங்களா?"

"மேடம், சத்தம் போடாதீங்க. நல்லா பாருங்க."

"தினமும் அதைத்தான் சார் பார்த்துக்கினு கீறேன்!"

உண்மைதான். தினமும் பார்த்தேன். அடுத்து மாமாமீது சந்தேகம் வந்து, யாராவது ஒயரில் கை வைத்தார்களா என்று ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

அப்போது ஓரகத்தி கொடியில் புடவை காயப் போட வந்தாள். புடவை நுனியின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தது. மூலையில்தான், உள்ளங்கை அளவு. டிஸ்ப்ளேயில் கரன்ட் அப்படியே சரிந்தது.

"அக்கா, புடவையை எடுங்க!" எடுத்தாள். ஏறியது. "மறுபடி போடுங்க!" சரிந்தது.

"இன்னாடி, புடவையோட விளையாடறே?" என்றாள்.

பேனலில் உள்ள கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஹோஸ் பைப்பை ஒரு இடத்தில் மிதித்தால் மொத்தத் தண்ணீரும் குறையும் இல்லையா, அந்த மாதிரி ஒரு கட்டத்தை மறைத்தால் மற்றதும் முடங்கும். நிழலே இந்தப் பாடு படுத்தினால்? அப்போதுதான் அந்தத் திருநீற்றுப் பட்டையை நிஜமாகவே பார்த்தேன். கீழ் வரிசைக் கட்டங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன.

ஈரத் துணியை எடுத்தேன். ஓரகத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொட்டை அழிக்காதடி. புயல் வர்ற நேரத்துல வேணாம்."

"அக்கா, இது முழுக்கக் கண்ணு. சாமியே ஆனாலும் கண்ணுமேல யாராவது பட்டை அடிப்பாங்களா?"

"அப்ப நெத்தி எங்க?"

பேட்டரிப் பெட்டியைக் காட்டினேன். கீழே போய்ச் சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்து பெட்டிக்கு வைத்தாள். பிறகு என் கையிலிருந்த துணியை வாங்கி, அவளே பேனலைத் துடைத்தாள். "சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடி?" என்று என்னைத்தான் திட்டினாள். மழைக்கு முன்னால் கிடைத்த வெயிலில் பேட்டரி நிறைந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டுச் சரியாகிவிட்டது என்றேன்.

"இன்னா மேடம் பிரச்சினை?"

"பக்தி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

புயல் வந்தது. கரன்ட் போனது. கீழே மறுபடி டிவி, மறுபடி மிக்ஸி, மறுபடி தெருக்காரர்கள் போன். மறுநாள் சாயங்காலம் இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. தெருவில் முழங்கால் தண்ணீர். எந்த வீட்டிலும் ஒரு மோட்டார் ஓடவில்லை. என் மாடியில் மட்டும் தொட்டி தொட்டியாகக் குமிழி வந்துகொண்டிருந்தது. தொட்டிகளுக்கு மேல் போட்ட தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்துக்குள்ளேயும் அது எனக்குத் தனியாகக் கேட்டது.

மாமா படியேறி வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், சார்ஜர். மீன்களைப் பார்த்தார். திணறுகிற மீன் ஒன்றாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். பிறகு பெட்டியைச் சுற்றி வந்தார். பின்னால் எட்டிப் பார்த்தார். அடியில் தடவினார்.

"ஏம்மா, பிளக் எங்க இருக்கு?"

"இல்ல மாமா."

"இல்லன்னா?"

"வைக்கல. வெச்சிருந்தா இந்நேரம் நீங்க ரூமுக்குச் செங்கல் இறக்கியிருப்பீங்க."

என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "ஒரு போன்தானே, ஒயரைப் பிரிச்சு எதாவது பண்ணேன்" என்று முனகினார். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். அவர் மழையைப் பார்க்கப் போய்விட்டார்.

"உங்க கார் எதுக்கு மாமா இருக்கு? அதுல சார்ஜ் போடுங்க" என்றேன்.

மாமா சார்ஜரை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். ஓரகத்தி படியிலிருந்து சிரித்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

மூன்றாம் நாள் மழை விட்டது. கரன்ட் வந்ததும் தெருவே கைதட்டியது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மீன் சாகவில்லை. குஞ்சுகூடச் சாகவில்லை. ஒரு ஜோடி அந்த மழையிலேயே தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த சிலேட்டுக் கல்லில் முட்டை வைத்து, பக்கத்தில் யாரையும் விடாமல் விரட்டிக்கொண்டு நின்றது.

தை மாதம் மேஸ்திரி வந்தார். மாமாதான் கூட்டி வந்தார். மாடியை அளக்க டேப்பை எடுத்தவரிடம், "இங்க இல்லப்பா. பின்பக்கம் மாட்டுக்கொட்டாய் இருந்த இடம். இது இவங்க இடம்" என்றார்.

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பரவாயில்லை. மேஸ்திரி கையிலிருந்த டேப்பை வாங்கி, இன்னும் இரண்டு தொட்டிக்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்தேன். இருந்தது.