சூசையின் தெற்கு வானத்துக்கு ஒரு புளுகனின் சாட்சி

முதலில் ஒரு சத்தியம். இனி நான் எழுதப்போகிற கதையை கனடாவில் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் உள்ள தமிழர் ஒருவரும் நம்பப்போவதில்லை. சபையோர் முன்னிலையில் இதை வாக்குறுதியாகத் தருகிறேன். என் வாழ்நாளில் நான் கொடுத்த வாக்குறுதிகளில் தவறாமல் நிறைவேறப்போவது இது ஒன்றுதான்.

செய்தி வந்தபோது யூனியன்வில்லில் மகள் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். அன்று கொட்டிய பனியில் பக்கத்து வீட்டுக்காரரின் வான் வண்டி புதைந்து போனது, இன்னும் கிடைக்கவில்லை என்று கேள்வி. என் தங்கச்சி செல்வி தொலைபேசியில், "அண்ணா, இவர் போயிட்டார்" என்றாள். "எங்கையடி?" என்று கேட்டேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். அப்போதுதான் அவளுடைய புருசன் சூசை செத்துப்போனது எனக்கு விளங்கியது.

ஊருக்கு அறிவிக்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். அதைப்போல ஒரு பிழை கிடையாது. முதல் ஆள் என் பட்டப்பெயரைச் சொல்லி, "புளுகர், விடியக்காலமை விளையாடாதேங்கோ" என்றார். இரண்டாவது ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாவது ஆள், "பொறுங்கோ, நான் சூசையண்ணைக்கே அடிச்சுக் கேக்கிறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். அடித்துமிருப்பார். செல்விதான் எடுத்திருப்பாள். மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் அவளே தன் வாயால் சொல்லவேண்டி வந்தது.

சூசைநாயகத்தை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அஜின்கோர்ட் பிளாசாவில் சேலைக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் அவனுடைய படக்கடை. உங்கள் கலியாணம், உங்கள் மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீடு, பேரன் சர்ச்சில் எடுத்த முதல் நன்மை, குடியுரிமைக்குக் கொடுத்த அந்தப் பாவப்பட்ட மூஞ்சி, எல்லாம் அவன் எடுத்ததுதான். அவன் கமராவுக்கு முன்னால் நிற்காத தமிழன் கனடாவில் இன்னும் பிறக்கவில்லை என்பது என் கணக்கு. பிறந்தவர்களையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்து எடுத்துவிடுவான்.

அவனுக்கும் எனக்கும் ஒரு பொருத்தமும் இல்லை. நான் சொல்வதில் பத்தில் ஒன்பது காற்று. அவன் சொல்வதில் பத்துக்குப் பத்தும் இரும்பு. செல்வியைப் பெண் பார்க்க வந்தபோது, "சமையல் எப்பிடி?" என்று என் அம்மா பெருமையோடு கேட்டா. "சோறு குழைஞ்சு போச்சு, கறி நல்லம்" என்றான். கலியாணம் அன்றைக்கே கலைந்திருக்க வேண்டியது. அடுப்படிக்குள் நின்ற செல்விக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது.

கடையிலும் அதே சட்டம். "கண் கண்டதுதான் படம். அதுக்கு மேல ஒரு பொட்டும் வைக்கமாட்டன்" என்பான். மூக்கு நீளமாக இருந்தால் படத்திலும் நீளமாகவே இருக்கும். வழுக்கையில் மயிர் முளைக்காது. உலகமே கணினியில் முகம் கழுவிக்கொண்டிருந்த காலத்தில் இவன் மட்டும் சோப்புக் கொடுக்க மறுத்தான்.

ஒருநாள் ராணியக்கா தன் மகள் சர்மினியின் கலியாணப் படங்களுக்கு நாள் குறிக்க வந்தா. நான் வழக்கம்போல் மூலைக்கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, படத்தில பிள்ளையை ரெண்டு ஷேட் கூட்டிவிடும்."

"ஏனக்கா, பிள்ளைக்கு என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்லை. கொஞ்சம் கறுப்பாத் தெரியுறாள்."

"தெரியுறாள் இல்லையக்கா. அவள் கறுப்புத்தான். வடிவான கறுப்பு. வெள்ளைப் பிள்ளை ஒண்டை உங்கட அல்பத்தில வைக்கிறதெண்டா நீங்கள் அப்பிடி ஒண்டைப் பெத்திருக்கவேணும்."

ராணியக்கா எழும்பிப் போன வேகத்தில் கடைக் கதவு சுழன்று சுழன்று அடுத்த கிழமைதான் நின்றது. ஆனால் மறுநாள் சர்மினி தனியாக வந்தாள். "அங்கிள், மற்ற ஸ்டூடியோவில சாம்பிள் காட்டினவை. அந்த ஃபேஸ் என்ர ஃபேஸே இல்ல. நீங்கதான் செய்யிறீங்க. அம்மாவ நான் ஹாண்டில் பண்ணுறன்."

மாப்பிள்ளை இருந்தது உலகத்தின் அடிப்பக்கத்தில், தஸ்மேனியாத் தீவில் ஹோபாட் நகரத்தில். கலியாணமும் அங்கேதான். சூசையங்கிள் வராவிட்டால் தாலியே வேண்டாம் என்று அவள் நின்ற நிலையில், ராணியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு ரிக்கெற் போட்டா. ஒன்று சூசைக்கு. மற்றது, லைற் பிடிக்கிற உத்தியோகத்தின் பேரில், எனக்கு. அந்த விமானம் என் பாரத்தினால் பசிபிக் கடலில் இரண்டு தரம் கால் நனைத்துப் போனது.

கலியாணம் நல்லபடி முடிந்தது. மறுநாள் பின்னேரம் மாப்பிள்ளை தன் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு, இன்றைக்குத் தெற்கு வெளிச்சம் வருமாம் என்றான். தென்துருவத்தை அண்டிய கரைகளில் சில நாட்களில் கடலுக்கு மேலே வானம் தானாக நிறம் கொண்டு ஆடும். நம் வடக்கு வெளிச்சத்துக்கு அது கூடப்பிறந்தது. வடக்கு வெளிச்சத்தைச் சூசை பார்த்தது கிடையாது. ஒன்ராறியோவுக்குள்ளேயே மேலே ஓடினால் காணலாம். ஆனால் முப்பது வருடமாக அவனுடைய சனியும் ஞாயிறும் பிறருடைய மணவறைக்கு முன்னால் போய்விட்டன. சும்மா இருந்த முதல் பின்னேரம் அவனுக்கு உலகத்தின் மறுமுனையில்தான் வாய்த்தது.

மாப்பிள்ளையின் காரை வாங்கிக்கொண்டு நானே ஓட்டினேன். ஊரில் இடப்பக்கம் பழகி, கனடாவில் வலப்பக்கத்துக்கு மாறி, அங்கே திரும்பவும் இடப்பக்கம். என் கைக்கு மூன்று நாட்டுக் குழப்பம். எதிரே வந்த அத்தனை பேரும் எனக்கு மரியாதையாக லைற் அடித்தார்கள். சூசை செபமாலையைக் கையில் எடுத்தான்.

அங்கே ஆனி மாதம் என்றால் கடும் மாரிக்குளிர். தேத்தண்ணி நேரத்துக்கே இருட்டிவிடும். கூழாங்கல் கரையில் கமராவின் முக்காலியை ஊன்றினோம். அந்தக் காற்று தென்துருவத்தில் ஏறி வழியில் ஓரிடத்திலும் இறங்காமல் நேரே என் காதுக்குள் வந்து இறங்கியது. எங்களைக் கண்டு பென்குயின் கூட்டம் ஒன்று கோட்டுப் போட்டபடி வந்து வரிசையில் நின்றது. சூசை பழக்கதோஷத்தில் கட்டைகளை முன்னுக்கும் நெட்டைகளைப் பின்னுக்கும் விட்டான். ஒரு திமிங்கிலம் தலையைத் தூக்கி, தன் இடப்பக்கம்தான் படத்துக்கு வடிவு என்று சொல்லிவிட்டுப் போனது.

"கதையாத. ரோச் லைற்றை நூர். முக்காலியில முட்டாத" என்றான் சூசை. வாயை மூடுவது, லைற்றை அணைப்பது, விலகி நிற்பது, எனக்கு அன்று கிடைத்த உத்தியோகம் அந்த மூன்றும்தான்.

கண் இருட்டுக்குப் பழகியதும், கடலோரத்து வானத்தில் நீளமாய் ஒரு சாம்பல் படலம் தெரிந்தது. கிழங்கு அவிக்கிற பானையைத் திறந்தால் எழும்புமே ஆவி, அதுபோல.

"மச்சான், இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தம்? இதைவிட எங்கட பேஸ்மன்ற் சுவரில நல்ல நிறமிருக்கு" என்றேன்.

சூசை கமராவின் வாயைக் கொஞ்ச நேரம் திறந்துவைத்து, கண்ணுக்கு எட்டாத வெளிச்சத்தையும் குடிக்கவிட்டுப் பிறகு மூடினான். கமராவின் முதுகிலுள்ள சின்னத் திரையில் படம் வந்தது. கடலுக்கு மேலே பச்சை. பச்சைக்கு மேலே, வானத்தின் பாதிவரை, குங்குமம் கொட்டியதுபோலச் சிவப்பு. அந்தச் சிவப்பு ஈரக் கல்லிலெல்லாம் வழிந்திருந்தது. நான் அவன் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் பார்த்தவன். அதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்றும் இல்லை.

அவன் திரையைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். திரும்பவும் திரையைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"இந்தச் சிவப்பை நான் காணேல்லை."

"கமரா கண்டிருக்கெல்லே?"

"கமரா கண்டது. என்ர கண் காணேல்லை. நான் கண்டது சாம்பல்." பிறகு மெதுவாகச் சொன்னான். "மச்சான், இதை நான் கடையில மாட்டினா ராணியக்கா வந்து நிண்டு என்ன கேப்பா? 'வானத்துக்குச் சிவப்பு ஏத்துவீர், என்ர பிள்ளைக்கு ரெண்டு ஷேட் ஏத்தமாட்டீரோ' எண்டு கேப்பா. அவவுக்கு நான் என்ன சொல்லுறது? திருப்பி அனுப்பின மற்ற ஆக்களுக்கு என்ன சொல்லுறது?"

விளையாட்டில்லை. முப்பது வருடமாக 'கண் கண்டதுதான் படம்' என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவன் கடை நடத்தினான். மூக்கை அப்படியே எடுத்ததற்குத் திட்டு வாங்கினான். கறுப்பை அப்படியே எடுத்ததற்கு ஆட்களை இழந்தான். வாழ்க்கையின் மிகச் சிறந்த படம் கைக்குள் இருக்க, அதை மாட்டினால் அவ்வளவும் பொய்யாகிவிடும் என்று நினைத்தான். குனிந்தான். படத்தை அழிக்கிற பொத்தானில் பெருவிரலை வைத்தான்.

அவன் குனிந்திருந்த அந்த நேரத்தில் நான் கத்தினேன்.

"சூசை, சிவப்பு. மேல பார், சிவப்பு."

அவன் நிமிர்ந்தான். வானத்தில் பழைய சாம்பல்தான் இருந்தது.

"என்னட்டையும் புளுகிறியோ?"

"இல்லை. இப்ப எழும்பினது. தூண் மாதிரி. கண்ணாலை கண்டனான்."

என் கையிலிருந்த ரோச் லைற்றைப் பறித்து என் முகத்துக்கு நேரே அடித்தான். பாஸ்போட் படத்துக்கு முன்னால் உங்களை எல்லாம் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். நாடி, வாய், கண். எனக்குக் கண் கூசித் தண்ணி வந்தது. முகத்தைத் திருப்பவில்லை.

"சரி" என்றான். லைற்றை நூர்த்தான். விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தான்.

அந்தப் படம் கடையின் முன்சுவரில் தொங்கியதை எல்லோரும் கண்டிருக்கிறீர்கள். முதல் கிழமையே ராணியக்கா வந்து நின்றா. அவன் பயந்தபடியே, சொல்லுக்குச் சொல் அதையே கேட்டா. நான் மூலைக்கதிரையில் ஒடுங்கினேன்.

"அக்கா, நான் ஒண்டும் ஏத்தேல்லை. நான் கண்டது சாம்பல், அது உண்மை. சிவப்பைக் கண்டவர் இந்தா இருக்கிறார்."

"ஆர், புளுகரோ?"

"ஓம்."

"உமக்குச் சாட்சி சொல்ல உலகத்தில வேற ஆள் கிடைக்கேல்லையோ?"

"அந்தக் கரையில வேற ஆள் நிக்கேல்லை அக்கா."

ராணியக்கா என் பக்கம் திரும்பினா. கடையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். நானோ, பென்குயின்களில் இருந்து தொடங்கினேன். திமிங்கிலம் வந்ததும் கடை முழுக்கச் சிரிப்பு. ராணியக்காவும் சிரித்தா. அதற்குப் பிறகு எத்தனை பேர் கேட்டாலும் சூசை என்னைத்தான் காட்டுவான், நான் திமிங்கிலத்தைத்தான் காட்டுவேன். உண்மையைத் தவிர வேறொன்றும் பேசாத மனிதனின் தலைசிறந்த படம், ஸ்காபரோவின் முதல்தரப் புளுகனின் சாட்சியில் தொங்கியது. அதைச் சொல்லிச் சொல்லி ஊரே பகிடி பண்ணியது. "உம்மட பேரையெல்லே கெடுக்கப்போறார்" என்று அவனிடமே கேட்டவர்கள் உண்டு. அவன் கமராக் கண்ணாடியைத் துடைத்தபடி, "நான் மூஞ்சி பாத்துத்தான் சீவியம் நடத்துறன்" என்பான். அந்தக் கரையை விட்டு வந்த பிறகு அவன் என்னிடம் அதைப்பற்றி ஒருதரமும் திருப்பிக் கேட்டதில்லை.

கேட்டது செல்விதான். உடலைப் பார்வைக்கு வைக்கிற அன்று, மண்டபத்தில் பெட்டிக்குத் தலைமாட்டில் எந்தப் படத்தை வைப்பது என்ற கதை வந்தது. தன்னைத் தானே எடுக்காத மனுசன், அவனுக்கென்று ஒழுங்கான படம் ஒன்றும் இல்லை. அந்தத் தெற்கு வானத்தைக் கடையிலிருந்து கழற்றி, போர்வையால் சுற்றி, மகனைத் தூக்கவிட்டுக் கொண்டுவந்திருந்தாள். போர்வையை அவிழ்க்காமல் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டாள்.

"அண்ணா, எனக்கொரு உண்மை சொல்லு. அண்டைக்கு நீ கண்டனியோ, இல்லையோ? அவர் அழிச்சுப்போடுவார் எண்டு பாவம் பாத்துச் சொன்னனியோ?"

"செல்வி, பென்குயின் எல்லாம் வரிசையா..."

"அண்ணா." அவள் அழவில்லை. "இதை அவற்ர தலைமாட்டில வைக்கப்போறன். நீ காணேல்லையெண்டா இது பொய்ப்படம். பொய்யை அவருக்குப் பக்கத்தில வைக்கமாட்டன். இப்பிடியே திருப்பிக் கொண்டுபோறன்."

மண்டப வாசலில் ராணியக்கா நின்றா. சர்மினி ஹோபாட்டிலிருந்து அனுப்பிய பூவளையம் அவவின் கையில். என் மறுமொழிக்காக அவவும் காத்துநின்றது எனக்குத் தெரிந்தது.

செல்விக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பென்குயின் ஒன்றும் வரவில்லை. திமிங்கிலம் பேசவில்லை. விமானம் கடலில் கால் நனைக்கவில்லை, கடைக் கதவு அன்றைக்கே நின்றுவிட்டது, பக்கத்து வீட்டு வான் வாசலிலேயே நிற்கிறது. இதில் எதையும் நீங்கள் நம்பவேண்டாம். சூசையிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது என் முகத்தில் அவன் அடித்த அந்த வெளிச்சம், அதற்குப் பிறகு வந்த அந்தச் "சரி". என்னை ஒருவரும் நம்பாத ஊரில் தன் பெயரைத் தூக்கி என் வாயில் வைத்தவன் அவன்.

அவன் ஏமாறவில்லை. இரண்டு மூச்சு நேரம் இருக்கும். கடலுக்கு மேலே அந்தச் சிவப்பை நான் என் கண்ணால் கண்டேன்.